கோவை இழந்த கரும்பு விஞ்ஞானி
பெண் என்பதால் வந்த தடைகளைத் தாண்டிய ஜானகி அம்மாள்

பொங்கல் வந்துவிட்டால் சிங்காநல்லூர்க் கடைவீதியில் கட்டுக் கட்டாகக் கரும்பு வந்து இறங்கும். குழந்தைகள் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக் கடிப்பார்கள். பெரியவர்கள் வெல்லம் போட்டுப் பொங்கல் வைப்பார்கள்.

கரும்புக்கும் கோவைக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. இந்தியாவில் புகழ் பெற்ற பல கரும்பு ரகங்கள் கோவையில்தான் பிறந்தன. அவற்றின் பெயரில் எண்ணுக்கு முன்னால் 'கோ' என்று இருக்கும். கோயம்புத்தூர் என்பதன் சுருக்கம் அது.

அந்தக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண் 5 ஆண்டுகள் வேலை பார்த்தார். கரும்பின் குலம் எது, அதன் உறவுக்காரச் செடிகள் எவை என்று துருவித் துருவி ஆராய்ந்தார். அவருடைய ஆராய்ச்சி லண்டன் வரை பேசப்பட்டது. ஆனால் வேலை பார்த்த இடத்தில் அவருக்கு நிம்மதி இல்லை.

காரணம் என்ன?

அவர் பெண். அதிலும் கல்யாணம் ஆகாத பெண். அதிலும், பிற்பட்டது என்று அன்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த பெண்.

அவர்தான் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள். பெண்கள் ஆபீசுக்கும் ஆலைக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் போகும் இந்தக் காலத்தில், ஒவ்வொரு குடும்பமும் அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

19 பிள்ளைகள்

மலையாளக் கரையில் தலைச்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று கேரளத்தில் உள்ள அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ஜானகி பிறந்தார்.

தந்தை ஈ.கே. கிருஷ்ணன், சப்-ஜட்ஜ் உத்தியோகம் பார்த்தவர். திவான் பகதூர் பட்டம் பெற்றவர். அவருக்கு இரண்டு மனைவிகள். மொத்தம் 19 பிள்ளைகள். இரண்டாவது மனைவி தேவி அம்மாள். அவருக்குப் பிறந்த 13 பேரில் ஜானகி பத்தாவது குழந்தை.

தந்தைக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, தோட்டம் போடுவது. மற்றொன்று, பறவைகளைக் கவனித்து அவற்றைப் பற்றி எழுதுவது. தகப்பனாருக்குப் பின்னாலேயே தோட்டத்தில் சுற்றிய ஜானகிக்கும் செடி கொடிகள் மீது ஆசை பிறந்தது.

அக்கா தங்கைகளுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் நடந்தது. ஜானகியோ படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

தலைச்சேரி கன்னிமாடப் பள்ளியில் படித்து முடித்தவர், சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அந்தப் பெண்கள் கல்லூரி தொடங்கியதே 1914இல்தான். பிறகு மாநிலக் கல்லூரியில் படித்து, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

கடல் கடந்தார்

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசியா கண்டத்துப் பெண்கள் அங்கே வந்து படிக்க வேண்டும் என்று, பார்பர் என்ற செல்வர் 1917இல் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியிருந்தார். அது ஜானகிக்குக் கிடைத்தது. 1924இல் அவர் கப்பல் ஏறினார்.

நியூயார்க் துறைமுகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது என்று சொல்வார்கள். வந்து இறங்கிய வெளிநாட்டாரை எல்லிஸ் தீவில் நிறுத்தி விசாரிப்பது அந்நாளைய வழக்கம். ஜானகியும் நிறுத்தப்பட்டார். அவருடைய நீண்ட கூந்தலையும் பட்டுப் புடவையையும் பார்த்த அதிகாரிகள், இந்திய நாட்டு இளவரசியோ என்று கேட்டார்களாம். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லையாம்!

அங்கே முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பினார். சிறிது காலம் பாடம் நடத்தினார். மறுபடியும் மிச்சிகனுக்குப் போனார். 1931இல் டி.எஸ்சி. என்ற உயர்ந்த டாக்டர் பட்டத்துடன் வந்தார். அவர் உண்டாக்கிய ஒரு கத்தரி ரகத்துக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

நம் நாட்டில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அபூர்வமாக இருந்த காலம் அது!

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். பிறகு கோவைக்கு வந்தார்.

கோவைக்கு ஏன் வந்தது கரும்பு நிலையம்?

கோவை நகரின் மேற்கே, வீரகேரளம் பக்கத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1912இல் தொடங்கப்பட்டது. டாக்டர் பார்பர் என்ற வெள்ளைக்காரர் அதை முதலில் நடத்தினார். மிச்சிகன் உதவித்தொகை கொடுத்த பார்பர் வேறு, இவர் வேறு.

இந்தியா முழுவதையும் விட்டுக் கோவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். வட இந்தியாவில் அப்படிப் பூப்பது அரிது. பூத்தால்தானே ஒரு செடியை இன்னொரு செடியோடு சேர்த்துப் புது ரகம் உண்டாக்க முடியும்?

தடித்த கரும்பு ஒன்று உண்டு. சாறு நிறைய இருக்கும், தித்திப்பாக இருக்கும். ஆனால் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்காது. ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் நாணல் இன்னொரு வகை. நாணலும் கரும்பு இனம்தான். தண்டு ஒல்லி; சர்க்கரை குறைவு. ஆனால் எதையும் தாங்கும்.

பணக்கார வீட்டுப் பிள்ளையையும் பாடுபடும் பிள்ளையையும் சேர்த்தது போல, இந்த இரண்டையும் கோவையில் சேர்த்தார்கள். பிறந்த ரகங்களில் ஒன்று 'கோ 205'. 1918இல் பஞ்சாபுக்குப் பயிரிடக் கொடுத்தார்கள். இந்த வேலையில் பெரும் புகழ் பெற்றவர் டி.எஸ். வெங்கட்ராமன். ஜானகி அம்மாள் வந்தபோது நிலையத்தின் தலைவர் அவர்தான்.

ஆலைச் சங்கு ஊதிய ஊர்

1934இல் கோவை மாறிக்கொண்டிருந்தது. நீலகிரி பைகாராவிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் பஞ்சாலைகள் எழும்பின. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதும். தூக்குப் பாத்திரத்துடன் ஆண்களும் பெண்களும் வேலைக்கு நடப்பார்கள்.

ஆலையில் பெண்களுக்கு நூல் சுற்றுவது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். கூலி ஆண்களைவிடக் குறைவு. மேஸ்திரி வைத்ததே சட்டம். இது ஏழைப் பெண்களின் தலையெழுத்து. படித்துவிட்டால் இந்தக் கஷ்டம் இருக்காது என்று பலர் நினைத்தார்கள்.

அப்படியானால், அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்த பெண்ணுக்கு வேலை பார்க்கும் இடத்தில் எந்தத் தொல்லையும் இருந்திருக்கக் கூடாது அல்லவா?

நடந்தது வேறு.

நூல் துண்டுகளை எண்ணியவர்

முதலில் அவர் செய்த வேலையைப் பார்ப்போம்.

செடியாக இருந்தாலும் மனிதனாக இருந்தாலும், உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. உயிரணு என்று அவற்றைச் சொல்வார்கள். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூல் துண்டுகள் போலச் சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். தாய் தகப்பனின் குணம் பிள்ளைக்கு வருவது இவற்றின் வழியாகத்தான்.

பூதக்கண்ணாடியைவிடச் சக்தி வாய்ந்த மைக்ராஸ்கோப் வழியாக ஜானகி அம்மாள் அந்த நூல் துண்டுகளை எண்ணினார். தடித்த கரும்பில் 80 இருக்கும். நாணலிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். 40 உள்ள நாணலும் உண்டு. 128 உள்ள நாணலும் உண்டு. இந்த எண்ணிக்கை தெரிந்தால்தான் எதை எதோடு சேர்க்கலாம் என்று கணக்குப் போட முடியும். நாணலின் பூர்வீகம் இந்தியாதான் என்று காட்டியதிலும் அவருடைய ஆராய்ச்சிக்குப் பங்கு உண்டு.

கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், வேறு புல் வகைகளோடும் சேர்த்துப் பிறந்த செடிகளை அவர் ஆராய்ந்தார். கரும்பும் மூங்கிலும் சேர்ந்து பிறந்த செடிகளைப் பற்றியும், கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த செடியைப் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகள், லண்டனில் அச்சாகும் 'நேச்சர்' என்ற விஞ்ஞான ஏட்டில் 1938இல் வெளிவந்தன. உலக விஞ்ஞானிகள் படிக்கும் ஏடு அது.

அதற்கு முன்பே, 1935இல், சர் சி.வி. ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம் ஜானகி அம்மாளைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

ராமனின் கழகம் அவரை மதித்தது. கூட வேலை பார்த்தவர்கள் மதித்தார்களா?

கதவு திறந்தது; சுவர் இருந்தது

ஜானகி அம்மாளின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள் ஒரு செய்தியைச் சொல்கிறார்கள். கோவை நிலையத்தில் ஆண் சகாக்களோடு அவருக்குத் தீராத பிரச்சினைகள் ஏற்பட்டன. கல்யாணம் ஆகாமல் தனியாக வாழ்ந்த பெண் என்பதும், அவர் பிறந்த தீயர் சாதி பிற்பட்டதாக எண்ணப்பட்டதும் அதற்குக் காரணம் ஆயின.

கோவையில் ஒரு பெண்ணை அன்போடு அழைத்தால் அம்மணி என்பார்கள். வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அம்மணி ஆபீசில் தனக்குச் சமமாக உட்கார்ந்தால்? தன்னைவிட அதிகம் படித்தவராக இருந்தால்? அங்கேதான் பலருடைய முகம் சுருங்குகிறது.

அன்றைய சட்டம் என்ன சொன்னது? 1935ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்திய அரசுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பெண் என்பதாலேயே ஒருவருக்கு சர்க்கார் உத்தியோகத்துக்குத் தகுதி இல்லை என்று சொல்லக் கூடாது என்றது அது. ஆனால் சில உத்தியோகங்களைப் பெண்களுக்கு இல்லை என்று உத்தரவு போட்டு ஒதுக்கி வைக்கவும் அதிலேயே இடம் விட்டிருந்தார்கள்.

அதாவது கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். உள்ளே போன பெண்ணை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆபீசில் யாரை நியமித்தோம், எத்தனை நாள் லீவு, எவ்வளவு சம்பளம் என்று எழுத ரிஜிஸ்டர் இருந்தது. பெண் என்பதற்காக என்னை ஒதுக்குகிறார்கள் என்று ஒருத்தி வந்து சொன்னால், அதை எழுத அந்த ரிஜிஸ்டரில் இடம் இல்லை. ஜானகி அம்மாளுக்கு இருந்தது ஒரே வழிதான். வேலையைப் பார்ப்பது, முடியாவிட்டால் போய்விடுவது.

அவர் போய்விட்டார்.

குண்டு மழையில் ஆராய்ச்சி

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் விஞ்ஞானிகள் மாநாடு கூடியது. ஜானகி அம்மாள் அதற்குச் சென்றார். செப்டம்பரில் இரண்டாவது உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

1940இல் லண்டனில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே டார்லிங்டன் என்ற புகழ் பெற்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து உழைத்தார்.

ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்ட காலம் அது. இரவில் குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். காலையில் எழுந்து, உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடியும் ஆராய்ச்சியைத் தொடங்குவாராம். குடும்பத்தார் சொல்லும் செய்தி இது.

போர் முடிந்த 1945இல் ஒரு பெரிய புத்தகம் வெளிவந்தது. மனிதன் பயிரிடும் ஆயிரக்கணக்கான செடிகளில் ஒவ்வொன்றுக்கும் குரோமோசோம் எத்தனை என்று சொல்லும் அட்டவணை அது. உலகம் முழுவதும் பயிர் விஞ்ஞானிகளுக்குக் கைப்புத்தகம் ஆயிற்று. அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று டார்லிங்டன்; இன்னொன்று ஜானகி அம்மாள்.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அவரை வேலைக்கு அழைத்தது. விஸ்லி என்ற ஊரில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய தோட்டம் இருக்கிறது. அங்கே சம்பளம் பெற்று வேலை பார்த்த முதல் பெண் விஞ்ஞானி அவர்தான் என்று சொல்கிறார்கள். மக்னோலியா என்ற மரத்தின் நாற்றுகளுக்கு ஒரு மருந்தைத் தடவி, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அப்படிச் செய்தால் இலையும் பூவும் பெரிதாக வரும். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த வெள்ளைப் பூ மக்னோலியா ஒன்றுக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்திலும் அன்று பெண்களுக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற விதி, அங்கே 1946 வரை இருந்தது! ஜானகி அம்மாளுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. வேலையை வைத்து அவரை எடை போடும் ஆட்களும் கிடைத்தார்கள். சாதிக்க அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நேரு கூப்பிட்டார்

இந்தியா சுதந்திரம் அடைந்தது. பிரதமர் நேரு அவரைத் தாய்நாட்டுக்கு வரும்படி அழைத்தார். 1951இல் அவர் திரும்பினார்.

இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறை என்பது 1890இல் தொடங்கிய பழைய துறை. நாட்டில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துக் கணக்கு வைப்பது அதன் வேலை. அதைச் சீர்திருத்தும் விசேஷ அதிகாரியாக 1954 அக்டோபரில் ஜானகி அம்மாள் நியமிக்கப்பட்டார்.

வெள்ளைக்காரர்கள் நம் காட்டுச் செடிகளைப் பறித்துப் பாடம் செய்து லண்டனுக்குக் கொண்டு போனார்கள். நம் செடியைப் பார்க்க நாம் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இந்த நிலை மாற வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அந்தச் சீர்திருத்தக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் கிளைகள் திறக்கப்பட்டன. தென்னிந்தியக் கிளை எங்கே வந்தது தெரியுமா? 1955இல் கோவையில் வந்தது! எந்த ஊரை விட்டு அவர் போனாரோ, அந்த ஊரிலேயே அவருடைய துறையின் கிளை நிமிர்ந்து நின்றது.

அதே 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பது பேச்சு. உலகெங்கும் இருந்து அறிஞர்கள் வந்தார்கள். அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள் என்று எழுதியிருக்கிறார்கள்.

பிறகு அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். ஜம்முவில் வேலை பார்த்தார். சிறிது காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்திலும் இருந்தார். 1970இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மையத்தில் சேர்ந்தார். மதுரவாயலில் இருந்த அதன் ஆராய்ச்சித் தோட்டமே அவருக்கு வீடு. 1977இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

80 வயதில் காட்டுக்காக

கோவைக்கு மேற்கே, சிறுவாணி மலைகளுக்கு அப்பால், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காடு இருக்கிறது. சைலண்ட் வேலி என்பார்கள். அங்கே குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். அணை வந்தால் பழமையான காட்டின் ஒரு பகுதி தண்ணீரில் மூழ்கும்.

எதிர்த்தவர்களோடு ஜானகி அம்மாளும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 80! அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம் கணக்கை எடுக்கவும் முன்வந்தார். காடு அழிந்தாலும் அதன் கணக்காவது மிஞ்சட்டும் என்பது அவருடைய எண்ணம்.

காடு அழியவில்லை. அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. 1984 நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று.

அந்த நல்ல செய்தியைக் கேட்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், 86ஆவது வயதில், மதுரவாயலில் ஆராய்ச்சிக்கு நடுவிலேயே காலமானார்.

அதன் பிறகு வந்த பாதை

ஜானகி அம்மாள் கோவையில் பட்ட கஷ்டத்தை யாரிடமும் புகாராகக் கொடுக்க முடியவில்லை. அதன் பிறகு நாடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

1950இல் அரசியல் சட்டம் வந்தது. சர்க்கார் வேலையில் ஆண் பெண் வேற்றுமை பார்க்கக் கூடாது என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது.

சட்டம் வந்தும் ஆபீஸ் விதிகள் உடனே மாறவில்லை. குடகு நாட்டில் பிறந்த முத்தம்மா என்ற பெண், நம் வெளிநாட்டு உத்தியோகத்தில் சேர்ந்த முதல் பெண்மணி. அவரும் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஜானகி அம்மாள் பாடம் நடத்திய அதே கல்லூரி! பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அந்த உத்தியோகத்தில் ஒரு விதி இருந்தது. ஆண் அதிகாரிக்கு அப்படி விதி இல்லை. தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்று முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது! 1979இல் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு, அப்படிப்பட்ட விதிகளைக் கண்டித்தது. ஒரு விதியை நீக்கிவிட்டோம், இன்னொன்றையும் நீக்குகிறோம் என்று அரசாங்கம் சொன்னது.

1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பதைத் தடுக்க 2013இல் தனிச் சட்டம் வந்தது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவி பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்ப்பவர்கள் மாவட்டக் குழுவிடம் போகலாம்.

எச்.ஆர். என்றால் யார்?

இன்று பெரிய கம்பெனிகளில் மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எச்.ஆர். என்பார்கள். ஆளை எடுப்பது, சம்பளம் போடுவது, பதவி உயர்வு கொடுப்பது, புகாரைக் கேட்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அன்று வெறும் லீவு ரிஜிஸ்டராக இருந்தது இன்று ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது.

துறை வளர்ந்தது சரி. மனசு வளர்ந்ததா?

நேர்முகத் தேர்வுக்கு வரும் பெண்ணிடம் எப்போது கல்யாணம், எப்போது குழந்தை என்று கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஆணிடம் அப்படிக் கேட்பதில்லை. பிரசவ லீவில் போய் வந்த பெண்ணின் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும் இடங்களும் உண்டு. இவை சின்ன விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் நல்ல வேலைக்காரி ஒருத்தி சத்தமில்லாமல் வெளியேறுவது இப்படித்தான்.

வேலைக்குப் போகும் மகளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் இதையும் சொல்லிக் கொடுக்கலாம். நியமன உத்தரவைப் பத்திரமாக வைத்துக்கொள். சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் வாங்கு. புகார்க் குழுவில் யார் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள். குறை இருந்தால் வாயால் சொல்வதோடு நிற்காதே. தேதி போட்டு எழுதிக் கொடு.

மகனை வேலைக்கு அனுப்புகிறவர்களும் ஒன்று சொல்லலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவளின் வேலையைப் பார். அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்காதே.

யாருக்கு நஷ்டம்?

ஜானகி அம்மாளின் பெயரில் மத்திய அரசாங்கம் தாவரவியல் அறிஞர்களுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதி, தாங்கள் உண்டாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. உலகம் முழுவதும் பெயர் நின்றுவிட்டது.

நஷ்டம் கோவைக்குத்தான். 1939இல் அவர் போனபோது வயது 41. ஒரு விஞ்ஞானி நன்றாக உழைக்கும் வயது. அடுத்த 12 ஆண்டு உழைப்பும் இங்கிலாந்துக்குப் போயிற்று. கரும்புக்குப் பெயர் போன ஊரிலிருந்து வந்திருக்கக்கூடிய அந்தப் பெரிய புத்தகம், குண்டு விழுந்த லண்டனிலிருந்து வந்தது.